நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? இதய-நுரையீரல் இயந்திரத்தின் ரத்த ஓட்டமும் ஆக்சிஜன் கணக்கும்

திறந்த இதய அறுவையின்போது நோயாளியின் இதயமும் நுரையீரலும் தம் வேலையை நிறுத்திவிட, உடலெங்கும் ரத்தத்தைச் செலுத்துவதும் அதில் ஆக்சிஜனை ஏற்றிக் கரியமில வாயுவை வெளியேற்றுவதும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் பொறுப்பாகின்றன. மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை ஆகிய இரண்டின் வழியே இதயத்துக்குத் திரும்பும் கருஞ்சிவப்பு ரத்தம், இதயத்தின் வலது மேலறையில் செருகப்பட்ட குழாய் வழியாக, நோயாளியின் உடலைவிடத் தாழ்வாக வைக்கப்பட்டுள்ள தேக்கக் கலனுக்கு இறங்குகிறது. அங்கிருந்து பம்ப் அதை ஆக்சிஜனேற்றி எனப்படும் செயற்கை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. ஆயிரக்கணக்கான மெல்லிய பாலிபுரோப்பிலீன் இழைக்குழல்களின் உள்ளே வாயுவும் வெளியே ரத்தமும் ஓட, இழைச்சுவரின் நுண்துளைகள் வழியே வாயுப் பரிமாற்றம் நடந்து, செந்நிறம் பெற்ற ரத்தம் பெருந்தமனிக்குள் திரும்பிச் சேர்கிறது. இந்தச் சுற்றில் ரத்தம் உறைந்துவிடாமலிருக்க முன்னதாகவே ஹெப்பாரின் செலுத்தப்படுகிறது. இயந்திரத்திலிருந்து நோயாளியை விடுவித்தபின் புரோட்டமின் தந்து அதன் விளைவு முறிக்கப்படுகிறது.

இயல்பான உடலில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் ஓட வேண்டும் என்பதை எவரும் வெளியிலிருந்து தீர்மானிப்பதில்லை. தசை உழைத்தாலும் காய்ச்சல் கண்டாலும் திசுக்களின் தேவை கூடுகிறது, சிரைகள் வழியே திரும்பும் ரத்தம் பெருகுகிறது, இதயமும் அதற்கேற்ப வேகம் கொள்கிறது. இயந்திரத்தில் இணைந்த உடலுக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது. பம்பின் வேகத்தை நிர்ணயிப்பவர், பெர்ஃபியூஷனிஸ்ட் என்று அழைக்கப்படும் இயந்திர இயக்குநர். அவர் திருப்பி வைக்கும் அளவே அந்த நேரத்தில் நோயாளியின் ரத்த ஓட்டம். ஆகவே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற கேள்விக்கு ஒவ்வோர் அறுவையிலும் ஒரு மனிதர் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. நெடுங்காலம் அந்த விடை நோயாளியின் உடற்பரப்பைக் கொண்டு மட்டுமே கணிக்கப்பட்டு வந்தது. அக்கணிப்பு போதுமானதன்று என்பதும், ஓட்டத்தின் அளவைவிடத் திசுக்களுக்குச் சென்று சேரும் ஆக்சிஜனின் அளவே முதன்மையாகக் கவனிக்கத்தக்கது என்பதும் கடந்த இருபது ஆண்டுகளின் ஆய்வுகளிலிருந்து தெளிவாகியுள்ளன.

இதைப் புரிந்துகொள்ள மூன்று அளவுகள் தேவை. முதலாவது, ஒரு லிட்டர் தமனி ரத்தத்தில் அடங்கியுள்ள ஆக்சிஜன். ஒரு கிராம் ஹீமோகுளோபின் முழுமையாக நிறையும்போது ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கிறது. ரத்தநீரில் நேரடியாகக் கரையும் ஆக்சிஜனோ மிகச் சொற்பம், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கும் 0.003 மில்லிலிட்டர் மட்டுமே. எனவே 100 மில்லிலிட்டருக்கு 15 கிராம் ஹீமோகுளோபின் உள்ளவரின் ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் 200 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும். இரண்டாவது, வழங்கல்: இந்த அளவை ஓட்டத்தால் பெருக்கினால் கிடைப்பது. ஓய்விலிருக்கும் வளர்ந்த மனிதரின் இதயம் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தத்தைச் செலுத்துவதால், திசுக்களுக்கு நிமிடந்தோறும் ஏறத்தாழ 1000 மில்லிலிட்டர் ஆக்சிஜன் சென்று சேர்கிறது. மூன்றாவது, பயன்பாடு: இந்த ஆயிரத்தில் உடல் உண்மையில் எடுத்துக்கொள்வது சுமார் 250 மில்லிலிட்டர். தமனி ரத்தத்துக்கும் சிரை ரத்தத்துக்கும் இடையிலுள்ள ஆக்சிஜன் வேறுபாட்டை ஓட்டத்தால் பெருக்கினால் பயன்பாட்டைக் கணிக்கலாம் என்று ஜெர்மானிய உடலியலாளர் அடால்ஃப் ஃபிக் 1870-இல் வகுத்த விதியே இன்றும் அறுவை அரங்கக் கணக்குகளுக்கு அடிப்படை.

வழங்கலுக்கும் பயன்பாட்டுக்கும் இடையே உள்ள இந்த நான்குக்கு ஒன்று என்ற விகிதம்தான் உடலின் காப்பு. ஓட்டம் சற்றுக் குறைந்தால் திசுக்கள் அதே ரத்தத்திலிருந்து கூடுதல் பங்கை உறிஞ்சிச் சமாளித்துக்கொள்கின்றன. பயன்பாடு மாறுவதில்லை, திரும்பும் ரத்தம் மட்டும் மேலும் கருமையடைகிறது. ஆனால் வழங்கல் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனதும் உறிஞ்சும் ஆற்றல் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதன்பின் வழங்கல் குறையக் குறையப் பயன்பாடும் உடன் குறைகிறது, செல்கள் ஆக்சிஜனின்றிச் சர்க்கரையைச் சிதைக்கத் தொடங்குகின்றன, ரத்தத்தில் லாக்டேட் ஏறுகிறது. இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதே இத்துறையின் நெடுநாள் தேடல்.

தொடக்கத்தில் இத்தேடல் எதிர்ப்பக்கமிருந்து நடந்தது. எவ்வளவு குறைந்த ஓட்டத்தில் ஓர் உடல் பிழைக்கும் என்பதே அன்றைய கேள்வி. இங்கிலாந்தில் ஆண்ட்ரியாசன், வாட்சன் ஆகிய இருவரும் 1952-இல் வெளியிட்ட ஆய்வில், நாய்களின் இரு பெருஞ்சிரைகளையும் கட்டிவிட்டு, மார்பின் பின்சுவரையொட்டிச் செல்லும் அசைகோஸ் என்ற சிறு சிரை வழியே மட்டும் ரத்தம் இதயத்துக்குத் திரும்புமாறு விட்டபோதும் அவை அரை மணி நேரத்துக்கும் மேல் கேடின்றித் தாங்கின என்று கண்டனர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் லில்லஹையும் அவருடைய குழுவினரும் அதை அளந்து பார்த்தபோது, அந்த ஓட்டம் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 8 முதல் 14 மில்லிலிட்டர் அளவே இருந்தது. நூறுக்கும் மேல் வேண்டும் என்று அதுவரை கருதப்பட்டு வந்தது. பெரிய, சிக்கலான இயந்திரம் இல்லாமலே இதயத்தைத் திறக்கலாம் என்ற துணிவை அவர்களுக்கு அளித்தது இந்த எண்தான்.

அத்துணிவை அவர்கள் 1954-இல் செயலாக்குவதற்கு முந்தைய ஆண்டே, 1953 மே 6 அன்று, ஃபிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஜான் கிப்பன், தாம் இருபதாண்டுகளுக்கு மேலாக உருவாக்கிவந்த இயந்திரத்தின் துணையோடு, பதினெட்டு வயதுப் பெண்ணின் இதய மேலறைகளுக்கிடையே இருந்த துளையை அடைத்திருந்தார். 26 நிமிடங்கள் அப்பெண்ணின் உயிர் முழுமையாக இயந்திரத்தைச் சார்ந்திருந்தது. ஆயினும் அடுத்த நோயாளிகள் பிழைக்காததால் அவர் அம்முயற்சியைக் கைவிட்டார். லில்லஹை 1954 மார்ச் 26 அன்று வேறு வழியில் சென்றார்: குழந்தையின் சிரை ரத்தத்தைத் தந்தையின் உடலுக்குள் அனுப்பி, தந்தையின் நுரையீரலில் ஆக்சிஜன் பெற்ற ரத்தத்தைக் குழந்தைக்குத் திருப்பித் தந்தார். குறுக்குச் சுற்றோட்டம் எனப்பட்ட இம்முறையில் 45 அறுவைகள் நடந்தன. 28 நோயாளிகள் உயிருடன் வீடு திரும்பினர். குறைந்த ஓட்டமே போதும் என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆனால் அங்கே குழந்தையின் ரத்தத்தில் சேர்ந்த அமிலத்தையும் கழிவுகளையும் ஆரோக்கியமான ஒரு பெரியவரின் நுரையீரலும் சிறுநீரகமும் ஈரலும் ஓயாமல் சீர்செய்துகொண்டிருந்தன என்பதை மறந்துவிடலாகாது. பெற்றோரின் உடல் செய்த அந்தப் பணியை எந்த இயந்திரமும் செய்வதில்லை. ஆகவே அந்த ஓட்ட அளவை இயந்திரத்துக்கு அப்படியே பொருத்துவது பிழையாகிறது.

அதே மாநிலத்தில், ராச்செஸ்டர் நகரின் மேயோ மருத்துவமனையில், ஜான் கிர்க்லின் 1955 மார்ச் மாதத்தில் கிப்பனின் இயந்திரத்தைத் திருத்தியமைத்துப் பயன்படுத்தத் தொடங்கினார். இயல்பான இதயம் தருவதற்கு நெருங்கிய ஓட்டத்தைத் தர வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டும்போது உடலின் ஆக்சிஜன் பயன்பாடு முதலில் விரைந்து ஏறிப் பிறகு வளைந்து சமநிலைக்கு வருகிறது. இந்த வளைகோட்டை வெவ்வேறு வெப்பநிலைகளுக்கு வரைந்து காட்டிய பணியில் கிர்க்லின் குழுவுக்குப் பெரும் பங்குண்டு. 37 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அந்த வளைவு, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 2.2 லிட்டரைத் தாண்டியபின் தட்டையாகத் தொடங்குகிறது. அறுவை அரங்குகளில் வேரூன்றிவிட்ட 2.2 முதல் 2.4 லிட்டர் என்ற அளவு இவ்வாறு வந்தது. அந்த எண் நிலைபெற்ற காலத்தில் ரத்தத்தின் அடர்த்தி இன்றைய நிலையில் இல்லை. பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

தொடக்ககால இயந்திரங்களின் குழாய்களும் கலன்களும் கொடையாளர்களிடமிருந்து பெற்ற ரத்தத்தால் நிரப்பப்பட்டன. ஓர் அறுவைக்கே பல அலகு புதிய ரத்தம் தேவைப்பட்டதும், பலருடைய ரத்தம் கலப்பதால் எழுந்த சிக்கல்களும் அறுவைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தின. ஓக்லஹோமா நகரில் நஸீஹ் சுஹ்தி 1960-இல் ரத்தத்துக்குப் பதிலாகச் சர்க்கரைக் கரைசலைக் கொண்டே இயந்திரத்தை நிரப்பி, நோயாளியின் ரத்தத்தை வேண்டுமென்றே நீர்க்கச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். இது இத்துறையின் மிகப் பெரிய விடுதலைகளில் ஒன்று. ரத்தக் கொடையைச் சார்ந்திருப்பது குறைந்தது. நீர்த்த ரத்தத்தின் பிசுபிசுப்புக் குறைவதால், உடல் குளிரூட்டப்பட்ட நிலையிலும் அது நுண்குழாய்களில் எளிதாக ஓடியது. ஆனால் ஒவ்வொரு லிட்டரும் சுமக்கும் ஆக்சிஜன் குறைந்துவிட்டது. ஓட்ட அளவோ 2.4 என்றே நின்றது.

இதன் விளைவை ஒரு கணக்கால் காணலாம். 80 கிலோ எடையும் 15 கிராம் ஹீமோகுளோபினும் கொண்ட ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 5.6 லிட்டர் ரத்தம் இருக்கும், இயந்திரத்திலுள்ள 1.4 லிட்டர் கரைசல் அதனுடன் கலந்ததும் ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு இறங்கும். தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் 200 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒரு லிட்டர் ரத்தம் 167 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும், 2.4 லிட்டர் ஓட்டத்தில் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் வழங்கல் கிடைக்கும். அதே இயந்திரத்தில், அதே கரைசலில், 45 கிலோ எடையும் 10 கிராம் ஹீமோகுளோபினும் கொண்ட பெண்ணை இணைத்தால், அவருடைய 2.9 லிட்டர் ரத்தம் நீர்த்து ஹீமோகுளோபின் 6.7 கிராமாகிறது, ஒரு லிட்டர் சுமப்பது 96 மில்லிலிட்டர், அதே 2.4 லிட்டர் ஓட்டத்தில் வழங்கல் 230 மில்லிலிட்டர் மட்டுமே. ஓட்டக் காட்டியில் இருவருக்கும் ஒரே எண் தெரிந்தாலும் ஒருவர் பெறும் ஆக்சிஜன் மற்றவர் பெறுவதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது.

இந்த வேறுபாடு நோயாளியின் உடலில் என்ன செய்கிறது என்பதற்கு விடை சிறுநீரகத்திலிருந்து வந்தது. இத்தாலியின் மிலான் பகுதியில் மார்க்கோ ரனூச்சியும் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, இயந்திரத்தில் இருந்த நேரத்தில் ஆக்சிஜன் வழங்கல் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 272 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கிய நோயாளிகளிடம் அறுவைக்குப் பிந்தைய சிறுநீரகச் செயலிழப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஹீமோகுளோபினின் தாழ்வு ஒன்றே தீங்குக்கு முழுக் காரணமன்று, தாழ்ந்த ஹீமோகுளோபினுக்கு ஈடாக ஓட்டம் உயர்த்தப்படாமையும் காரணம் என்ற முடிவு அதிலிருந்து கிடைத்தது. பெல்ஜியத்தின் ஃபிலிப் டி சோமர் முன்னின்று நடத்திய 2011-ஆம் ஆண்டு ஆய்வு 262 என்ற நெருங்கிய எண்ணையே கண்டதோடு, ஆக்சிஜனேற்றியிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவின் அளவோடு வழங்கலை ஒப்பிடும் விகிதத்தையும் முன்வைத்தது. அந்த விகிதம் 5.3-க்குக் கீழே செல்வது ஆக்சிஜனற்ற சிதைவு தொடங்கிவிட்டதன் அறிகுறி. கவனிப்பு ஆய்வுகள் மட்டும் காரணத்தை மெய்ப்பிக்கா என்பதால் அடுத்து ஒரு சோதனை தேவைப்பட்டது. 2018-இல் வெளியான பல்மையச் சோதனையில், 300-க்கும் மேற்பட்ட நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு வழங்கல் 280 மில்லிலிட்டருக்குக் குறையாதபடி ஓட்டம் சரிசெய்யப்பட்டது. அப்பிரிவில் முதல்நிலைச் சிறுநீரகப் பாதிப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. கடுமையான நிலைகளில் வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் ஓட்டத்தைச் சற்று உயர்த்துவது என்ற செலவில்லாத செயலுக்குக் கிடைத்த இப்பயனைச் சிறியது என்று தள்ள முடியாது.

உடலிலுள்ள எல்லா உறுப்புகளிலும் சிறுநீரகம் முதலில் அடிபடுவது ஏன் என்று தோன்றலாம். இதயம் செலுத்தும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகப் பெறும் உறுப்பு அது. ஆனால் அந்த வளம் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணிக்கே செல்கிறது. உட்பகுதியான அகணி, உப்பை மீட்டெடுக்கும் கடும் உழைப்பில் ஈடுபட்டிருந்தும், மெல்லிய ரத்த ஓட்டத்தையே பெறுகிறது. அங்கே ஆக்சிஜன் அழுத்தம் இயல்பு நிலையிலேயே 10 முதல் 20 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் இயந்திரத்தில் இணைந்த நோயாளிகளின் சிறுநீரகச் சிரையிலிருந்து நேரடியாக அளந்து 2017-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இயந்திரம் தொடங்கியதும் சிறுநீரகத்துக்கான ஆக்சிஜன் வழங்கல் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைகிறது. சிறுநீரகத்தின் வேலையோ ஆக்சிஜன் பயன்பாடோ குறையாததால், ரத்தத்திலிருந்து அது உறிஞ்சும் பங்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுகிறது. ஓட்டத்தை 2.4-இலிருந்து 2.7-க்கும் 3.0-க்கும் உயர்த்தியபோது அந்தச் சுமை தணிந்ததைப் பின்னர் அதே குழு காட்டியது.

இத்தகைய உள்வேறுபாட்டை அரங்கின் வழக்கமான கண்காணிப்பு காட்டுவதில்லை. தேக்கக் கலனுக்குத் திரும்பும் சிரை ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 70 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் ஓட்டம் போதுமானது என்று கொள்வது நெடுநாள் வழக்கம். பயனுள்ள அளவுதான் அது. ஆனால் எல்லா உறுப்புகளிலிருந்தும் வந்து கலந்த ரத்தத்தின் சராசரி அது. தோலுக்கும் தசைக்கும் சென்று பயன்படாமல் திரும்பும் செந்நிற ரத்தம், வறண்ட ஓர் உறுப்பிலிருந்து வரும் கருமையை மறைத்துவிடக்கூடும். ரத்த அழுத்தமும் இதேபோல் ஏமாற்றலாம். குழாய்களைச் சுருக்கும் மருந்தால் அழுத்தத்தை ஏற்றலாம். பம்பின் ஓட்டம் மாறாதவரை வழங்கல் மாறுவதில்லை. கோபன்ஹேகனில் நடந்து 2018-இல் வெளியான சோதனையில், ஓட்டத்தை 2.4 லிட்டரில் நிலைநிறுத்திவிட்டு, ஒரு பிரிவினரின் அழுத்தத்தை 40 முதல் 50 மில்லிமீட்டரிலும் மற்றொரு பிரிவினரின் அழுத்தத்தை மருந்தால் உயர்த்தி 70 முதல் 80 மில்லிமீட்டரிலும் வைத்தபோது, மூளையில் தோன்றிய புதிய சிதைவுகளின் அளவு இரு பிரிவிலும் பெரிதும் வேறுபடவில்லை. அழுத்தம் முக்கியமற்றது என்று இதற்குப் பொருளில்லை. மூளை தன் ரத்த ஓட்டத்தைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும் கீழெல்லை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆனால் உயர்ந்த அழுத்தம் குறைந்த ஓட்டத்துக்கு ஈடாகாது.

ஓட்டம் குறித்த இந்த விவாதம் முழுவதும் வெப்பநிலையோடு பின்னியிருக்கிறது. டொரண்டோவில் வில்ஃபிரட் பிகலோ 1950-இல் விலங்குகளைக் கொண்டு காட்டியபடி, குளிரூட்டப்பட்ட உடலின் ஆக்சிஜன் தேவை படிப்படியாகக் குறைகிறது. 28 பாகையில் அது இயல்பில் ஏறத்தாழப் பாதி. மினசோட்டாவில் ஜான் லூயிஸ் 1952 செப்டம்பரில், எந்த இயந்திரமும் இன்றி, குளிரூட்டலை மட்டுமே நம்பி ஐந்து வயதுச் சிறுமியின் இதயத் துளையை அடைத்தார். பெருந்தமனி வளைவு அறுவைகளில் உடல் 18 பாகை அளவுக்குக் குளிரூட்டப்பட்டு, சுற்றோட்டமே அரை மணி நேரம் வரை நிறுத்தப்படுவதும் இந்த அடிப்படையில்தான். குளிரில் குறைந்த ஓட்டம் போதுமானதாக இருப்பது உண்மை. ஆபத்து மீண்டும் வெப்பமூட்டும்போது வருகிறது: தேவை வேகமாக ஏறுகிறது, ரத்தம் நீர்த்தே இருக்கிறது, அறுவை முடியும் தறுவாயில் கவனமும் பல திசைகளில் சிதறுகிறது. சிரை ரத்தத்தின் செறிவு சட்டென்று வீழ்வது பெரும்பாலும் இக்கட்டத்தில்தான். குளிருக்கு ஏற்பக் குறைத்த ஓட்டத்தை வெப்பத்துக்கு ஏற்ப முன்கூட்டியே உயர்த்துவது இதற்கு மாற்று. அத்துடன், மூளை மிகையாகச் சூடேறாதிருக்கப் பெருந்தமனிக்குச் செல்லும் ரத்தத்தின் வெப்பம் 37 பாகையைத் தாண்டக் கூடாது என்பது இன்றைய விதி.

அறுவைக்கு உள்ளாகும் இதயம் மட்டும் தனிக் கணக்கு. பெருந்தமனியில் கவ்வி இட்டதும் இதயத்தின் சொந்தத் தமனிகளுக்கு ரத்தம் நின்றுவிடுகிறது; ஆகவே பொட்டாசியம் மிகுந்த கரைசல் செலுத்தி அதன் துடிப்பு நிறுத்தப்படுகிறது. ரத்தத்தைச் செலுத்தி உழைக்கும் இதயத் தசை நூறு கிராமுக்கு நிமிடத்துக்கு 8 முதல் 9 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. துடிப்பு நின்றதும் அது ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டராகவும், குளிரூட்டியபின் அதிலும் மிகக் குறைவாகவும் சுருங்கிவிடுகிறது.

வழங்கலை உயர்த்தும் வழிகள் கணக்கிலிருந்தே தெரிகின்றன. மேலே சொன்ன பெண்ணுக்கு 280 மில்லிலிட்டரை எட்ட, ஓட்டம் 2.9 லிட்டராக வேண்டும். அவருடைய உடற்பரப்பு 1.4 சதுர மீட்டர் என்றால், நிமிடத்துக்கு 3.4 லிட்டருக்குப் பதிலாக 4.1 லிட்டர். ஆனால் பம்ப் தனக்கு வந்த ரத்தத்தை மட்டுமே அனுப்ப முடியும் என்பதால், சிரைக் குழாய் சிறியதாகவோ தவறான இடத்திலோ இருந்தால் இந்த ஓட்டம் கைகூடாது. பம்ப் காட்டும் ஓட்டம் முழுவதும் நோயாளியைச் சென்றடைவதுமில்லை. காற்றுக் குமிழ்களை வெளியேற்றும் கிளைக்குழாய்கள் திறந்திருக்கும்போது ஒரு பகுதி இயந்திரத்துக்குள்ளேயே சுற்றிவருகிறது. ஆகவே ஓட்ட உணரியை அந்தக் கிளைகளுக்குப் பின்னே, நோயாளிக்கு அருகில் பொருத்துவதே நேர்மையான அளவைத் தரும். ஆக்சிஜன் அழுத்தத்தை 200-இலிருந்து 400-க்கு உயர்த்துவது லிட்டருக்கு ஆறு மில்லிலிட்டரை மட்டுமே சேர்க்கிறது. அதை நம்புவதில் பயனில்லை. நீர்த்தலைத் தடுப்பதே மேலான வழி: குழாய்களைச் சுருக்கிச் சிறிய ஆக்சிஜனேற்றியைத் தேர்வது, இயந்திரத்தைத் தொடங்குமுன் நோயாளியின் சொந்த ரத்தத்தைக் குழாய்களுக்குள் பின்னோக்கி வரவிட்டுக் கரைசலின் ஒரு பகுதியை வெளியேற்றுவது, மிகுநீரை வடித்தெடுப்பது. இவற்றாலும் ஈடுகட்ட முடியாதபோதே ரத்தம் ஏற்றுவது முறை.

இக்கணக்கின் அவசரம் இந்தியாவில் கூடுதல். 2019–21 காலத்தின் ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினர் ரத்தசோகை உடையவர்கள். கீல்வாதக் காய்ச்சலால் சிதைந்த இதய வால்வுகளுக்காக அறுவைக்கு வருவோரில் சிறிய உடல்வாகும் குறைந்த ஹீமோகுளோபினும் கொண்ட இளம்பெண்கள் பலர். பெரிய உடலுக்கும் அடர்ந்த ரத்தத்துக்கும் போதுமான ஓர் எண்ணை அவர்களுக்கு அப்படியே பொருத்துவதை இனியும் ஏற்பதற்கில்லை. இதய அறுவை, மயக்கவியல், பெர்ஃபியூஷன் துறைகளின் ஐரோப்பியச் சங்கங்கள் 2019-இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதலும், தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவுக்கேற்ப ஓட்டத்தை மாற்றி வழங்கலைக் குறைந்தபட்ச எல்லைக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்றே கூறுகிறது. அதற்கு விலையுயர்ந்த புதுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பம்பின் ஓட்டம், ஹீமோகுளோபின், தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவும் அழுத்தமும் ஆகிய அனைத்தும் ஒவ்வோர் அறுவை அரங்கிலும் ஏற்கெனவே அளக்கப்படுகின்றன. அவற்றைப் பெருக்கிக் கிடைக்கும் வழங்கல் அளவும், ஓட்ட அளவைப் போலவே, ஒவ்வொரு நோயாளியின் இயந்திரப் பதிவேட்டிலும் சீரான இடைவெளியில் எழுதப்பட வேண்டும்.